வட்டத்துக்குள் இருப்பவர்

"எந்தக் கோட்டைச்சாமி?"

மஸ்கட்டிலிருந்து பழைய சிநேகிதன் ஒச்சாண்டி அனுப்பிய மெயிலில் அந்த இரண்டே வார்த்தைதான் இருந்தது. பெரியகுளத்தில் ஒரு அரசாங்க ஆபீசின் சூப்பிரண்டான கோட்டைச்சாமிக்கு முகம் சுண்டிப்போனது.

"பின்ன என்ன சார்? நம்ம பக்கம் கல்லெறிஞ்சா ஏதாச்சும் ஒரு கோட்டைச்சாமி மேலதான் விழுகும். அவுக எவருன்னு நெனப்பாக?" என்றாள் பாண்டீஸ்வரி. ஆபீசில் இருந்தது ஒரு கம்ப்யூட்டர். அதைத் தொடத் தைரியம் இருந்த ஒரே ஆள் அவள்தான்.

"ஒச்சாண்டிக்கு ஒரே கோட்டைச்சாமிதாம்மா. நான் மட்டுந்தான்!"

உத்தமபாளையத்தில் காலேஜ் படித்தபோது இருவருக்கும் ஒரே ரூம், ஒரே சோப்பு. நல்ல சட்டை என்று இருந்தது ஒன்றே ஒன்று. அதையும் முறைவைத்துப் போட்டுக்கொண்டார்கள். படிப்பு முடிந்ததும் ஒச்சாண்டி பம்பாய்க்கு ரயிலேறினான். மாசம் ஒரு கடிதம் வருசம் ஒன்றாகி, அதுவும் நின்றுபோனது. முப்பத்தாறு வருசம் ஓடிவிட்டது. போன மாசம் ஒரு காதுகுத்தில், பந்தியில் பக்கத்து இலைக்காரர், அவன் இப்போது மஸ்கட்டில் இருப்பதாகச் சொல்லிக் கொடுத்ததுதான் இந்த மெயில் அட்ரஸ். ரிட்டயர் ஆவதற்குள் அவனை ஒருதடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று மனுசன் தவித்துக் கிடந்தார். வந்த பதில் இப்படி!

"சென்னை ஆபீசர் மெயிலுக்கெல்லாம் அடியில ஒரு படம் வருதே, அது மாதிரி என் போட்டோவப் போடு. மூஞ்சியப் பாத்தா தெரிஞ்சுக்கிடுவான்" என்றார்.

"அதுக்குப் பேரு சிக்னேச்சர் சார். போட்டுருவோம்."

பாஸ்போர்ட் போட்டோவை ஸ்கேன் செய்து போட்டாள். போட்ட அளவு கொஞ்சம் பெரிது. மறுநாள் பதில் வந்தது: "ஒரு வழுக்கை மண்டை வந்திருக்கு. மிச்ச ஆளு எப்ப வரும்?"

கோட்டைச்சாமி பொறுமியபடி அல்லிநகரத்து வீட்டுக்குப் போய், பீரோவிலிருந்து இன்னொரு போட்டோவை எடுத்தார். காலேஜ் நாளில் சுருளி அருவி முன்னால் நின்ற மூன்று பேர், கம்பத்து ஸ்டுடியோவில் வாடகைக்கு வாங்கிய கேமராவில் எடுத்தது. முகங்கள் பாசிப்பயறு அளவுதான் இருக்கும். நடுவில், பூப்போட்ட சட்டையும் நெற்றியில் புரளும் சுருட்டை முடியுமாக நிற்கும் வாலிபனைச் சுற்றி நீல மையில் ஒரு வட்டம்.

அந்த வட்டத்துக்கு ஒரு கதை உண்டு. கல்யாணத்துக்குப் பெண் தேடியபோது, அவருடைய அம்மா மூக்கம்மாள் வீட்டிலிருந்த இந்த ஒரே போட்டோவைத் தரகரிடம் கொடுத்து, "பூப்போட்ட சட்டைதான் எம்மகன்" என்றாள். தரகர் வட்டம் போட்டு மலையம்மாள் வீட்டுக்குக் கொண்டுபோனார். கல்யாணம் முடிந்த பிறகுதான் போட்டோ திரும்பி வந்தது.

"போட்டோவப் பாத்தே சரின்னு சொல்லிட்டாய்யா எம் பொண்டாட்டி!" இது கோட்டைச்சாமி ஊரெல்லாம் சொல்லும் பெருமை. "பொண்ணு பாக்கப் போன அன்னைக்கு என்னைய ஏறெடுத்துக்கூடப் பாக்கல. காப்பித் தட்டோட வாசலையே பாத்துக்கிட்டு நின்னா. அம்புட்டு வெக்கம்!"

அவர் இதைச் சொல்லும்போதெல்லாம் மலையம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

பாண்டீஸ்வரி போட்டோவை உற்றுப் பார்த்தாள். "இது நீங்களா சார்? முடியெல்லாம் எங்க சார் போச்சு?"

"பைலு பாத்துப் பாத்துக் கொட்டிருச்சு. நீ போடும்மா."

போட்டாள். ஆனால் சிக்னேச்சர் என்பது ஒருதடவை போட்டால் எல்லா மெயிலுக்கும் வாலாகப் போகும் என்பது இருவருக்குமே உறைக்கவில்லை. அன்று சாயங்காலம் மதுரை மேலாபீசுக்குப் போன மாசாந்திர அறிக்கைக்கு அடியில், ஈரத் துண்டோடு இரண்டு பேரும் பூப்போட்ட சட்டையோடு ஒருவரும் நின்றார்கள்.

காலையில் மேலாபீசிலிருந்து கேள்வி வந்தது: "படத்தில் உள்ள மூவரும் எந்தத் திட்டத்தின் பயனாளிகள்?"

"அடியாத்தே! எடுத்துரட்டுமா சார்?"

"எடுத்துட்டா ஒச்சாண்டி எப்பிடிப் பாப்பான்? படம் இருக்கட்டும். குழப்பம் வராம அடியில ஒரு வரி போடு."

'வட்டத்துக்குள் இருப்பவர் கோட்டைச்சாமி' என்று ஒரு வரி போட்டாள். மேலாபீசுக்குச் சந்தேகம் தீர்ந்தது. 'வட்டமிடப்பட்ட பயனாளி கோட்டைச்சாமியை வெள்ளிக்கிழமை நேரில் ஆஜர்படுத்தவும்' என்று உத்தரவு வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை கோட்டைச்சாமி தன்னைத்தானே மதுரைக்கு அழைத்துப்போய் ஆஜர்படுத்தினார்.

"பயனாளியக் கூட்டிட்டு வரச் சொன்னா நீங்க வந்து நிக்கிறீங்க?" என்றார் ஆபீசர்.

"பயனாளி இல்லீங்கய்யா, அது நான்தான். சிநேகிதனுக்காகப் போட்ட படம், தவறி இங்கயும் வந்திருச்சு."

ஆபீசர் படத்தைப் பார்த்தார். கோட்டைச்சாமியின் தலையைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். "யாரு, இந்தச் சுருட்டை முடியா?"

"ஆமாங்கய்யா."

"ஆள்மாறாட்டம் எதுவும் இல்லையே? எதுக்கும் எழுதிக் குடுத்துருங்க."

'வட்டத்துக்குள் இருப்பது நானே என்று உளமார உறுதியளிக்கிறேன்' என்று கோட்டைச்சாமி எழுதிக் கையெழுத்திட்டார். அதன்மேல் கவர்மென்ட் முத்திரையும் விழுந்தது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவருக்கு நெஞ்சு கொதித்தது. இத்தனை வருசம் சர்க்காருக்கு உழைத்தவன் தன் மூஞ்சி தன் மூஞ்சிதான் என்று எழுதிக் கொடுக்க வேண்டியதாகிவிட்டதே!

ஆனால் திங்கட்கிழமை எல்லாம் மறந்துபோனது.

"சார், ஓடியாங்க! மஸ்கட்டு!" என்று பாண்டீஸ்வரி கத்தினாள்.

மெயிலில் இருந்தது இது: "வட்டத்துக்குள்ள இருக்கிறவனை எனக்கு நல்லாத் தெரியும். இருபதாம் தேதி லீவுல வர்றேன். மிச்சம் நேர்ல."

கோட்டைச்சாமிக்குக் கண் நிறைந்துவிட்டது. "பாத்தியாம்மா, மூஞ்சி மறக்கல! அன்னைக்கு அருவியில நான் வழுக்கி விழுந்துராம என் கையப் புடிச்சுக்கிட்டு நின்ன பயம்மா அவன்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார்.

இருபதாம் தேதி அல்லிநகரம் வீட்டு வாசலில் டாக்சி நின்றது. இறங்கிய ஆளுக்குத் தலை முழுக்க நரை, முழுக்கச் சுருட்டை.

"ஏலே கோட்டை!"

"ஏலே ஒச்சாண்டி!"

இரண்டு கிழவர்களும் கட்டிக்கொண்டு அழுதார்கள், சிரித்தார்கள், மறுபடி அழுதார்கள். மலையம்மாள் வடைத் தட்டை வைத்துவிட்டு அடுப்படி வாசலில் நின்றாள்.

"போட்டோவப் பாத்ததும் என்னையத் தெரிஞ்சுக்கிட்டியே மாப்ள, அது போதும்டா எனக்கு" என்றார் கோட்டைச்சாமி.

"உன்னைய எங்கடா பாத்தேன்? என்னையத்தான பாத்தேன்!"

"என்னது?"

"வட்டத்துக்குள்ள நிக்கிறது நாந்தானடா. அன்னைக்குச் சட்டை முறை உன்னுது. போட்டோவுக்காகக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி மாட்டிக்கிட்டேன். நீ துண்டக் கட்டிக்கிட்டு எதுத்தாப்புல நின்னு படம் புடிச்ச. எம் போட்டோவ இம்புட்டு வருசம் பத்திரமா வச்சு மெயில் மெயிலா அனுப்புறான்னா, அது எங் கோட்டைச்சாமியாத்தான் இருக்கணும்னு வந்துட்டேன்."

கோட்டைச்சாமி கடித்த வடையை அப்படியே தட்டில் வைத்தார். போட்டோவை எடுத்துப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிப் பார்த்தார், கழற்றியும் பார்த்தார். உறுதிமொழியும் முத்திரையும் ஞாபகம் வந்தன. அதைவிடப் பெரிய பயம் ஒன்று அப்புறம்தான் வந்தது. மெதுவாகத் திரும்பினார்.

"மலையம்மா... நீ இந்தப் போட்டோவப் பாத்துத்தான சரின்னு சொன்ன? பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு அம்புட்டு வெக்கப்பட்டு வாசலையே பாத்துக்கிட்டு நின்னியே?"

மலையம்மாள் தட்டிலிருந்த பெரிய வடையாகப் பார்த்து அவர் கையில் வைத்தாள்.

"வெக்கமெல்லாம் ஒண்ணுமில்லீக. தொணைக்கு வந்தவுக உள்ள வந்து உக்காந்துட்டாக, போட்டோவுல இருந்த மாப்பிள்ளைய இன்னும் காணாமேன்னு பாத்துக்கிட்டு நின்னேன்."