பத்து மணித் தேத்தண்ணி

ஷாமளா சாயங்காலம் எழுந்து வந்து பார்த்தபோது, காரில் பாதி சார்ஜ்கூட ஏறியிருக்கவில்லை. பீடோங்கிலிருந்து கூலிம் தொழிற்சாலைக்குப் போய்விடலாம். திரும்பி வர முடியாது.

"இன்னிக்கும் பத்து மணிக்கே நின்னுருச்சு," என்று கணவன் திவாகரனிடம் கைப்பேசியை நீட்டினாள். வீட்டில் ஓடும் மின்சாரத்தை அதில் ஒரு கோடு காட்டும்.

கூரைச் சூரியத் தகடு தரும் மின்சாரத்தில், வீடு போக மிஞ்சுவதுதான் காருக்கு. வீட்டில் பெரிதாக எதையாவது போட்டால் சார்ஜர் நின்றுவிடும்; பிறகு கையால் அழுத்தினால்தான் ஓடும். ஷாமளா இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து, வயரை மாட்டிவிட்டுப் படுப்பவள். பகலில் வேறு யாரும் இல்லை. பக்கத்து வீடும் பூட்டிக் கிடந்தது. இரண்டு கூரைக்கும் ஒன்றாகத் தகடு போட்ட மறுவாரமே, அங்கே தனியாக இருந்த குழந்தைவேலு தவறிப்போனார். சாவி ஷாமளா வீட்டு ஆணியில் தொங்கியது.

"கெட்டில் போட்ட மாதிரி இருக்கு. தூக்கத்துல எழுந்து தே கலக்குறியா?"

"இன்னொரு தடவை லேட்டா வந்தா வேற வேலை பாத்துக்கோன்னுட்டாங்க. உங்களுக்கு விளையாட்டா இருக்கு."

கெட்டிலைத் துணி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். மறுநாளும் பத்து மணிக்குக் கைப்பேசியில் கோடு எழுந்து நின்றது.

சனிக்கிழமை ஃபேன், ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இருவரும் வியர்த்தபடி உட்கார்ந்தார்கள். கோடு இம்மியும் இறங்கவில்லை.

"பாத்தியா, நிறுத்தினாலும் நிறுத்தாட்டியும் ஒரே அளவு. அவ்வளவு சிக்கனம் நம்ம வீடு."

பத்து மணி. கோடு எழுந்தது.

"அப்பா," என்றான் திவாகரன் மெதுவாக.

செத்துப்போன அவன் அப்பா ராமையா, செமிலிங் ரப்பர்த் தோட்டத்தில் குழந்தைவேலுவோடு பால்மரம் வெட்டியவர். பத்து மணித் தேத்தண்ணியை இருவரும் ஒருநாளும் விட்டதில்லை.

"செத்தும் என் வேலைக்கு வேட்டு வைக்கிறாரா மாமா?"

மறுநாள் மாமா படத்துக்கு முன் அவளே பால் கலக்காத தே ஓ வைத்தாள். அவருக்கு இனிப்புநீர் நோய் என்பதால், வழக்கம்போலச் சீனி போடவில்லை.

"குடிச்சிட்டுப் பேசாம இருங்க மாமா."

அன்று கோடு இரண்டு மடங்கு நேரம் நின்றது.

"ரெண்டு பேருக்குப் போட்ட மாதிரி இருக்கே," என்றான் திவாகரன்.

தகடு மாட்டிய ஹாசிக்கைக் கூப்பிட்டார்கள். கைப்பேசியைத் தட்டிப் பார்த்துவிட்டு அவன் சிரித்தான்.

"பேயெல்லாம் இல்லக்கா, என் தப்புதான். பக்கத்து வீட்ல வைஃபை இல்லன்னு ரெண்டு வீட்டு மீட்டரையும் உங்க வைஃபைல கோத்தேன். பேர் மாறிப்போச்சு. நீங்களும் உங்க சார்ஜரும் இத்தனை நாள் பாத்தது அந்த வீட்டுக் கரண்ட்டு. இருங்க, அங்கயும் பாத்துட்டு வந்துடறேன்."

ஷாமளாவுக்கு மூச்சு வந்தது. அப்புறம்தான் ஆணியைப் பார்த்தாள். சாவி அங்கேயே இருந்தது.

கொஞ்ச நேரத்தில் ஹாசிக் வாயைத் துடைத்துக்கொண்டே திரும்பினான்.

"எல்லாம் சரியாயிருச்சு லா. அங்கிள்தான் கதவு தொறந்து தே கொடுத்தாரு. கூட ராமையான்னு ஒருத்தரு. நாளைக்காவது உங்களைச் சீனி போடச் சொன்னாரு."