மயங்காமணி

"என்னைக் கேக்காம தொட்டா இப்படித்தான்!"

மூச்சுக்கு மூச்சு இதைச் சொல்லும் ஆசாமியை உங்களுக்குத் தெரியும். லிஃப்ட் நின்றாலும் சொல்வார், மழை பெய்தாலும் சொல்வார். இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் மயங்காமணி.

இவர்களின் முழு அழகைக் காண விமானிகளின் பயிற்சிக்கூடத்துக்கு வாருங்கள். அங்கே தரையை விட்டு எழும்பாத ஒரு பொம்மை விமானி அறை. நம் மயங்காமணிதான் கேப்டன். அவர் மயங்கியதுபோல் நடிக்க வேண்டும். பக்கத்து இருக்கையில் இருக்கும் பெண் துணை விமானி பொறுப்பை ஏற்க வேண்டும். அவள் கூப்பிட்டால் உதவிக்கு வர, கதவுக்கு வெளியே ஒரு பணிப்பெண். இரண்டு முறை கேட்டும் சரியான பதில் இல்லையென்றால் ஆள் மயக்கம் என்பது விதி. அந்தப் பெண்ணுக்கு இன்று தேர்வு. தவறினால் பறக்க முடியாது. மறுபடியும் வகுப்பறை பெஞ்சுதான்.

கேப்டன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: சும்மா இருப்பது. இருப்பாரா?

பயிற்சியாளர் சைகை காட்டியதும் கண்ணை மூடி, கழுத்தைத் தொங்கவிட்டு, நாக்கைக்கூட ஓரமாகத் தள்ளி... அடடா, என்ன மயக்கம்!

"கேப்டன்?"

"உம்."

"சார், பதில் சொல்லாதீங்க," என்றார் பயிற்சியாளர்.

"பொண்ணு கூப்பிடுது, என்னன்னு கேக்க வேணாமா?"

மறுபடியும் மயங்கினார்.

"கேப்டன்?"

மௌனம். ஆகா!

"கேப்டன்?"

"என்னை எதுக்கும்மா பாக்கற? உயரத்தைப் பாரு!"

மூன்றாவது மயக்கத்தில், மூடிய கண்ணோடு ஒரு கை மட்டும் நீண்டு எஞ்சின் லீவரைப் பின்னுக்கு இழுத்தது. திரையில் தரை வேகமாகப் பெருத்தது.

"சார், வேகம் குறையுது!"

"எங்க காலத்துல எப்படி மயங்குவோம் தெரியுமா?"

"சார், வேகம்!"

"வாத்தியாரே கைதட்டினாரு!"

அவ்வளவுதான். துணை விமானி அந்தக் கையைத் தட்டிவிட்டு லீவரை முன்னே தள்ளினாள். "ரெண்டு தடவை கேட்டாச்சு, கேட்டதுக்குப் பதில் இல்ல. கண்ட்ரோல் எங்கிட்ட! அக்கா, உள்ள வாங்க, கேப்டன் மயங்கிட்டாரு!"

பணிப்பெண் அக்கா பாய்ந்து வந்து, தோளைப் பிடித்துச் சாய்த்து, பெல்ட்டை இறுக்கி, இருக்கையோடு அவரைப் பின்னால் தள்ளினாள்.

"பேசிக்கிட்டே மயங்கறதும் பாடத்துல இருக்கு. நீ பாஸும்மா!" என்றார் பயிற்சியாளர்.

சிரிக்கிறீர்களா? பல் டாக்டரிடம் வாயைப் பிளந்தபடியே எந்தப் பல் என்று அவருக்கு வகுப்பெடுத்தது யார்? காய்ச்சலில் போர்வைக்குள்ளிருந்து வீட்டையே ஓட்டியது யார்? கொஞ்சம் யோசியுங்கள். நான் பெயர் சொல்ல மாட்டேன்.

பெல்ட்டுக்குள் நெளிந்துகொண்டிருந்த மயங்காமணியோ கடைசியாக ஒரு போடு போட்டார்:

"நான் மயங்கிட்டேன்னு முடிவு பண்ண நீங்க யாருய்யா? இந்த விமானத்துக்கு கேப்டன் நான். என் உத்தரவில்லாம இங்க ஒருத்தரும் மயங்கக் கூடாது, நான் உட்பட!"