ஓட்டைப் பிரித்த துர்காதேவி

மணவாளன் ஒரு முடிவெடுத்தான். அவன் வீட்டில் அவன் முடிவெடுப்பதே செய்திதான். கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில் நான்காம் வார்டு மெம்பருக்கு அரசு வேலை கிடைத்து, அவர் ராஜினாமா செய்ய, இடைத்தேர்தல் வந்தது. இரும்பு உருக்கும் கம்பெனியில் எட்டு மணி நேரம் அனலில் நிற்கிறவனுக்குத் தேர்தலில் நிற்பது பெரிசா?

எதிரி, அரிசி மில் அப்பாவு. யார் வீட்டு விசேஷத்துக்கும் அண்டா கொடுத்து உதவுகிறவர். அதனால் பெண்கள் ஓட்டு மொத்தமும் அவருக்குத்தான். மணவாளன் மூளையைக் கசக்கினான். பிறகு மனைவியைக் கூப்பிட்டான்.

"தேவி, நீயும் தேர்தல்ல நில்லு."

"நான் இன்னாத்துக்கு?"

"ஓட்டப் பிரிக்கணும்."

"மழைக்காலத்துல ஓட்டப் பிரிச்சா ஊடு ஒழுவாதா?"

"கூரை ஓடு இல்லமே! பொம்பளைங்க ஓட்டு. பாதி உனக்கு வந்தா அப்பாவு காலி. நான் உள்ள."

துர்காதேவி கொஞ்சம் யோசித்தாள். "எனக்குப் பேசத் தெரியாதுய்யா. நீயே வந்து எனக்காகக் கேக்கணும்."

"கேட்டா போச்சு!"

கேட்டான். போச்சு.

குழாயடியில் எல்லம்மா மடக்கினாள். "உன் பொண்டாட்டிக்கு இன்னா தெரியும்னு போடறது?"

பதினெட்டு வருஷத்தில் ஒருநாளும் மனைவியைப் பாராட்டாத வாய், மொத்தமாகத் திறந்துகொண்டது.

"இன்னாக்கா இப்டி கேட்டுட்ட? தண்ணி மோட்டார் புகைஞ்சப்ப பொன்னேரி போயி மெக்கானிக்க கையோட இட்டாந்தது யாரு? நம்ம தேவி! தெரு லைட்டுக்கு மனு எழுதிக்கினு அலைஞ்சது யாரு? தேவி! நான் அப்போ தூங்கினு இருந்தேன்க்கா!"

பக்கத்தில் நின்ற ஆம்பளைகளும் தலையாட்டினார்கள். துர்காதேவி கைகூப்பி நின்றாள்.

முடிவு வந்தது. துர்காதேவி இருநூற்றுப் பதினொன்று. அப்பாவு தொண்ணூற்றாறு. மணவாளன் ஏழு.

"டேய் விமல், ஒரே ஷிப்டுல வேல பாக்கறோம். நீகூடவாடா எனக்குப் போடல?"

"இன்னாண்ணே, நீதான அண்ணிக்குப் போடச் சொல்லி கெஞ்சுன? தூங்கினு இருந்தவனுக்கு எப்டிண்ணே போடறது?"

மணவாளன் அப்போதும் அசரவில்லை. பொண்டாட்டிதான் மெம்பர் என்றால் என்ன? நாற்காலியில் புருஷன் உட்கார்ந்துகொள்ளலாமே! பதவியேற்பு நாள் காலையில் கனிவாகப் பேசினான்.

"தேவி, உனக்கு எதுக்கு பேஜாரு? நீ கையெழுத்து மட்டும் போடு. மத்த வேலை எல்லாத்தயும் நான் பாத்துக்கறேன்."

"நெஜமாவா? எல்லாத்தயுமா?"

"எல்லாத்தயும்!"

துர்காதேவி பட்டுப்புடவை மடிப்பை நீவிவிட்டு, அவன் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவிக்கொண்டாள்.

"அப்போ உலைல அரிசி கொதிக்குது, வடிச்சிடு. மீனுக்குச் செதில் எடுத்து வையி. நான் கையெழுத்து மட்டும் போட்டுட்டு வந்துடறேன்."