அஞ்சு மணி வெளிச்சம்

"பதினஞ்சு நாளா மொட்டை மாடியில போட்டோ எடுக்கறேளே, ஒண்ணைக்கூடக் கண்ணுல காட்டலையே?" என்று கோமளம் கேட்டபோது, சுந்தரராமனின் முகக்கவசத்துக்குள் வெங்காயப் பக்கோடா மணத்துக்கொண்டிருந்தது.

"கழுவக் கொடுக்கணும். கடையெல்லாம் மூடியிருக்கே."

"இது ஃபிலிம் கேமராவா? நம்ம அனிருத் விட்டுட்டுப் போன டிஜிட்டல்னா."

விஷயம் இதுதான். பாங்கிலிருந்து ஓய்வு பெற்ற சுந்தரராமனுக்குச் சர்க்கரை இருநூற்று நாற்பது. கொரோனா வந்ததிலிருந்து அந்த அபிராமபுரம் ஃபிளாட்டில் கோமளத்தின் ஆட்சி. பால் பாக்கெட்டே சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் உள்ளே வரும். வெளித் தின்பண்டம் வாசப்படி தாண்டக்கூடாது. ஆகவே தினமும் மகனின் பழைய கேமராவை மாட்டிக்கொண்டு, "அஞ்சு மணி வெளிச்சத்துல கொரோனா காலத்தைப் பதிவு பண்றேன், நாளைக்கு இது சரித்திரம்" என்று மாடிக்குக் கிளம்புவார். மாடிப்படி மேலேயும் போகும், கீழேயும் போகும். அவர் கீழே போவார். பின்சந்தில் காதரின் சைக்கிள், சைக்கிளில் தகர டின், டின்னில் பக்கோடா. அகப்பட்டால் கேமராவும் போகும், அஞ்சு மணியும் போகும். மிஞ்சுவது கேழ்வரகுக் கஞ்சி.

மறுநாள் நிஜமாகவே மேலே ஏறி, அவசரமாக நாலு படம் எடுத்தார். தண்ணீர்த் தொட்டி, ஆளில்லாத தெரு, ஒரு காக்காய், கோமளத்தின் வடாம். தினமும் மூணு மணியிலிருந்து ஒரு மணி நேரம் அவள் மாடியில் காவல் இருந்தும், பாதி வடாத்தைக் காக்காய் கொத்தியிருந்தது.

படங்களைப் பார்த்த கோமளம் அதோடு விட்டாளா? நாலையும் ஃபிளாட் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். பத்து நிமிஷத்தில் முப்பது கைகூப்பல். சங்கச் செயலாளர் கருணாகரன் உடனே போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்துமிடத்தில் கண்காட்சி, மொத்தம் பன்னிரண்டு படம் வேண்டும், சிறந்த படத்துக்குக் கேடயம் என்று அறிவித்துவிட்டார்.

படம் தேடித் தேடி நாலு நாள் பக்கோடாவே இல்லை. ஐந்தாம் நாள் தாங்காமல் கீழே போனவர், ஒரு கையில் பொட்டலமும் மறு கையில் கேமராவுமாகப் பன்னிரண்டாவதை எடுத்தார். சாக்பீஸ் வட்டத்துக்கு ஒருவராக முகம் மூடிய ஜனங்கள், நடுவே காதர். கருணாகரன் தன் வீட்டு பிரிண்டரில் அச்சடித்து அனுப்பியதைப் பார்த்தபோதுதான் ஆபத்து தெரிந்தது. முகக்கவசத்துக்கு மேலே காதரின் கண்கள் பழகிய வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரித்தன.

"இத்தனை கிட்டக்க எப்படி எடுத்தேள்?"

"மாடியிலேர்ந்துதான். ஜூம்."

கோமளம் படத்தை வெகுநேரம் பார்த்தாள். "இது வேண்டாம்னா. சைக்கிளும் எண்ணெய் டின்னும், பார்க்கவே சகிக்கலை."

சுந்தரராமனுக்குப் போன உயிர் வந்தது. மனைவி சொல்லைத் தட்டாத கணவனாக, அந்தப் படத்தை எடுத்துவிடும்படி கருணாகரனிடம் கெஞ்சினார். கருணாகரன் அசையவில்லை. எடுத்தவனுக்குத் தன் படத்தின் அருமை தெரியாது என்றார். கேடயமே அதற்குத்தான் என்றார். அதையும் படத்தில் இருப்பவர் கையாலேயே கொடுக்கப்போவதாகச் சொல்லி ஃபோனை வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை. கார் நிறுத்துமிடத்திலும் சாக்பீஸ் வட்டங்கள். வெளுத்த சட்டையும் கையில் கேடயமுமாகக் காதர் வந்து நின்றார். சுந்தரராமன் புருவத்தால் ஆயிரம் ஜாடை காட்டியும் அந்த மனிதர் சிரித்தபடியே கிட்டே வந்தார்.

"ஐயா யாரு? நான் பார்த்ததே இல்லையே" என்றார் சுந்தரராமன், எல்லோருக்கும் கேட்கும்படி.

"எங்காத்துல யாருக்குமே இவரைத் தெரியாது" என்றாள் கோமளம், அதைவிட வேகமாக.

காதர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, மூணு மணிக்கு மாமி, அஞ்சு மணிக்கு நீங்க. ஒரே வூடுன்னு சொல்லியிருந்தா ஒரே பொட்டலமா கட்டியிருப்பனே."