எங்கள் கம்பெனியில் எல்லோரும் முதலாளி

சிரஞ்சீவி ஷ்யாம்சுந்தருக்கு, உன் அத்திம்பேர் யக்ஞநாராயணன் அஸ்தினாபுரத்திலிருந்து எழுதுவது. நானும் உன் அக்கா பட்டுவும் உடம்பளவில் சௌக்கியம். மனசளவில் அவள் மட்டும் சௌக்கியம்.

போன தீபாவளிக்கு வந்தபோது, "வேலை பாக்கறவாளையே சின்ன முதலாளியா மாத்தணும் அத்திம்பேர், அதுதான் இப்போ ஹெச்.ஆர்." என்று சொல்லிவிட்டுப் போனாய். தண்ணீர் மோட்டார் செய்யும் எங்கள் கம்பெனியில் ஹெச்.ஆர். என்று இருப்பவன் நான் ஒருவன்தானே, நம்பி அமல்படுத்தினேன். புதன்தோறும் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் உட்கார்ந்து தெரிந்ததைச் சொல்ல வேண்டும், நல்ல யோசனையைச் செய்து பார்க்க வாரத்தில் ஒரு மதியமும் தனி அறையும் உண்டு, சொல்லாதவர் இன்க்ரிமென்ட்டில் கை வைப்போம் என்று சர்க்குலர் போட்டேன். அதில்தான் வந்தது வினை. புகார் போன் எடுக்கும் சத்யபிரியா, "மேடவாக்கம் அபார்ட்மென்ட்ல தொட்டி காலியானப்புறம்தான் சார் டேங்கருக்கு அலையறாங்க" என்றாள். ஷெட்டில் வயரிங் பார்க்கும் பொன்னுசாமி, "இத்த ஏம்மா இவ்ளோ நாளா சொல்லல? காலியாவறதுக்கு முன்னாடியே போன் அடிக்கிற மாதிரி பண்லாமே" என்றார். பண்ணியும் விட்டார்கள். தனி அறை என்று இருந்தது என்னுடையது ஒன்றுதான், அதைக் கொடுத்தேன். அந்தச் சாமான் விற்க ஆரம்பித்ததும் முதலாளி அதைத் தனிப் பிரிவாக்கி சத்யபிரியாவைத் தலைவியாக்கினார். உடனே ஆபீஸே பிரிவுத் தலைவராக முனைய ஆரம்பித்துவிட்டது. இரண்டு நாள் வராத ஜீவானந்தத்தைக் கேட்டால், "லீவுன்னு சொல்லாதீங்க சார், மார்க்கெட் ரிசர்ச்" என்கிறான். நான் இப்போது கேன்டீனில் கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். வருகிறவர்கள் என்னிடம் சோப்பு கேட்கிறார்கள். போன வாரம் மதிப்பீடு. கம்பெனியிலேயே குறைந்த மார்க் எனக்கு. இத்தனை வருஷத்தில் தெரிந்த எதையும் நான் யாருக்கும் சொல்லவில்லையாம். விதி நான் எழுதியது, எதிர்த்துப் பேச வழியில்லை. ராஜினாமா எழுதிவிட்டேன். இனி எந்தப் பிரிவுக்காவது நான் வேண்டுமானால் கூப்பிடட்டும், வந்த நேரத்துக்குக் கூலி கொடுக்கட்டும் என்று ரோஷமாகவே எழுதியிருக்கிறேன். பட்டுவிடம் நீதான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். உன் ஆபீஸில் யாராவது இந்தத் திட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து வெளியே போய்விடு.

குழந்தை சின்மயிக்கு என் ஆசீர்வாதம். உன்னை ஆசீர்வதிக்க இப்போது மனசில்லை.

யக்ஞநாராயணன்

பி.கு. இதைத் தபாலில் போடுவதற்குள் ராஜினாமாவைக் கொடுத்துவிட்டேன். முதலாளி நின்றபடியே படித்துவிட்டு, "கடைசில நீங்களும் ஒரு ஐடியா கொடுத்துட்டீங்களே சார்!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். பிரிவுகள் கூப்பிட்டால் போய் நிர்வாகம் பார்த்துக் கட்டணம் வாங்கும் தனிப் பிரிவாம், நான் தலைவன். பட்டுவிடம் ஒன்றும் சொல்லாதே, பதவி உயர்வு என்று நானே சொல்லிவிட்டேன். உன் ஆபீஸ் ஹெச்.ஆர். நம்பரை அனுப்பு. திட்டத்தை எப்படி நடத்துவதென்று நானே வந்து சொல்லித்தருகிறேன்.