மீதி எங்கே போகிறது?

லாரி ஓட்டுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. லாரியை மட்டும் ஓட்டுகிறவர்கள் ஒரு வகை. அவர்களால் யாருக்கும் தொல்லை இல்லை, அவர்களைப் பற்றி எழுதவும் ஒன்றும் இல்லை. இன்னொரு வகையினர் லாரியோடு சேர்த்து லாரி கம்பெனியையும் ஓட்டுகிறவர்கள். இவர்கள் பெயரில் வண்டி இருக்காது, ஆர்.சி. புத்தகம் இருக்காது, கட்ட வேண்டிய தவணையும் இருக்காது. ஆனால் எந்த லோடுக்கு என்ன வாடகை, எந்தக் கம்பெனி என்ன டயர் போடுகிறது, எந்த முதலாளி எவ்வளவு சுருட்டுகிறார் என்று கேளுங்கள். அல்லது கேட்காமல்தான் இருந்து பாருங்களேன்! சொல்லாமல் விடுவார்களா? ஆரணியில் இந்த இனத்துக்குத் தலைவர் ஒருவரைக் காட்டச் சொன்னால் நான் தனக்கோடியைத்தான் காட்டுவேன்.

தனக்கோடி இருபத்திரண்டு வருஷமாக ஆதிநாதனின் லாரி ஆபீசில் ஆறு சக்கர லாரி ஓட்டுகிறார். களம்பூர் மில்லில் அரிசி ஏற்றிச் சென்னையில் இறக்குவது பகல் வேலை. உண்மையான உத்தியோகம் மாலை ஐந்தரைக்குத்தான் தொடங்கும். ஆதிநாதன் சமணர். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும் என்பதால் ஐந்தரை அடித்ததும் ஸ்கூட்டரை எடுத்துவிடுவார். ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பியதா இல்லையா, இங்கே தனக்கோடி டீ கிளாசும் கையுமாகத் தம்முடைய லாரியின் பின்கதவுக்கு எதிரே வந்து நிற்பார். அந்தக் கதவில் எப்போதும் ஒரு விரல்கடைத் தூசி படிந்திருக்கும். அதில்தான் அவர் கணக்கு எழுதுவார். வண்டியைக் கழுவச் சொன்னால் மட்டும் அவருக்கு ஏன் அவ்வளவு கோபம் வருகிறது என்று இப்போது புரிகிறதா?

பத்து டன், டன்னுக்குத் தொள்ளாயிரத்து ஐம்பது, ஆக ஒன்பதாயிரத்து ஐந்நூறு என்று ஆள்காட்டி விரலால் எழுதுவார். அதில் போகவர டீசலைக் கழிப்பார், சுங்கச்சாவடியைக் கழிப்பார், டிரைவர் படியைக் கழிப்பார், படியைக் கழிக்கும்போது மட்டும் ஒரு பெருமூச்சு விடுவார். இன்சூரன்சைக் கழிக்க மாட்டார். ரோட்டு வரி, எஃப்.சி., பேங்க் தவணை, லோடு கிடைக்காமல் வண்டி சும்மா நிற்கிற நாள் ஆகியவற்றுக்குக் கதவில் இடம் போதாது. கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே மூவாயிரத்து ஐந்நூறு. அந்தத் தொகையை விரலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, சுமைக்காரர்களின் மேஸ்திரி தருமனைப் பார்த்துக் கேட்பார்.

"மீதி எங்க போவுது?"

தருமனுக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டார், ஏனென்றால் டீக்குக் காசு கொடுப்பவர் தனக்கோடி. ஆகவே மீதி போகிற இடத்தையும் தனக்கோடியே சொல்லிக்கொண்டு போவார். அடுத்த தெருக் கம்பெனி வாடகையைக் குறைத்துக் குறைத்துத் தொழிலையே பேஜார் பண்ணுகிறதாம். வேலூர்க் கம்பெனிக்காரன் டிரைவருக்கு ஏ.சி. வைத்த வண்டி கொடுத்துவிட்டு அதன் செலவைப் படியில் பிடிக்கிறானாம். புதுவண்டிகளுக்கெல்லாம் டீசலோடு யூரியாவும் ஊற்ற வேண்டுமாம், வயலுக்குப் போட வேண்டியதை வண்டிக்குப் போட்டால் உருப்படுமா என்பது அவர் கேள்வி. எல்லாவற்றுக்கும் முடிவாக ஒரு வாக்கியம் வரும். "நம்ம கையில குடுத்துப் பாக்கட்டும்."

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு விஷயத்தில் தனக்கோடி சொன்னது சத்தியம். அவர் வண்டியின் முன் டயர் இரண்டும் மொட்டையாகிவிட்டன. மழை ரோட்டில் பிரேக்கை மிதித்தால் வண்டி அவர் நினைத்த இடத்தைத் தாண்டித்தான் நிற்கும். ஒருமுறை முன்னால் போன பஸ்ஸின் முதுகில் இடிக்க ஒரு முழம் இருக்கும்போதுதான் நின்றதாம். அன்று இரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஜோடி டயர் முப்பத்தைந்தாயிரம், இந்த வாடகையில் கட்டுப்படி ஆகாது, கொஞ்சம் பொறு என்று ஆதிநாதன் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கதவுக் கணக்கில் சூடு ஏறியதே அதற்குப் பிறகுதான்.

ஒருநாள் ஆதிநாதன் மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்தார். மீதி எங்கே போகிறது என்ற கேள்வி அப்போதுதான் எழுந்து ஓய்ந்திருந்தது. தருமன் டீயைக் கீழே வைத்தார். ஆதிநாதன் உள்ளே போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து, கதவை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார். பிறகு ஆபீஸ் செல்போனைத் தனக்கோடியிடம் நீட்டினார்.

"கணக்கு நல்லாத்தான் இருக்குது. அடுத்த லோடுக்கு ரேட்டு நீயே பேசு. கதவுல மூவாயிரத்து ஐந்நூறு போட்டிருக்க, எனக்கு மூவாயிரம் மீதி காட்டு போதும். மறுநாளே ரெண்டு டயரும் மாத்திடறேன். காட்டலன்னா தீபாவளி வரைக்கும் டயர் பேச்சு எடுக்கக் கூடாது. சரிதானே?"

சரிதான் என்று தனக்கோடி சொன்னதாகத் தருமன் சொல்கிறார். தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது என்பது மட்டும் நிச்சயம்.

ஆதிநாதன் சாப்பிட உட்கார்ந்திருப்பார், அதற்குள் போன் அடித்துவிட்டது. தனக்கோடி ஆபீசுக்குள் போய் முதலாளி நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் எடுத்தார்.

"அண்ணே, நான் சூர்யகலா பேசறேன். களம்பூர் மில்லுல லோடு ஏத்தி நம்ம சூளையில எறக்கணும். நாளைக்கு வண்டி வருமாண்ணே?"

சூளை! சென்னையில் தனக்கோடிக்குத் தலைகீழாகத் தெரிந்த பேட்டை. அங்கே எத்தனை அரிசிக் கடை, எந்தக் கடை வாசலில் வண்டி திரும்பாது என்பதெல்லாம் அத்துப்படி. மேற்கொண்டு அந்த அம்மாள் ஏதோ சொல்ல வந்தார். இந்த இனத்தினர் எதிராளியை இரண்டாவது வாக்கியம் பேச விட்டதாகச் சரித்திரம் உண்டா? டன்னுக்குத் தொள்ளாயிரத்து ஐம்பது என்று அடித்துச் சொல்லிவிட்டார் தனக்கோடி.

சூர்யகலா விலையை விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்டார்.

"டன்னுக்கா சொல்றீங்க?"

பேரம் பேசுகிறார் என்று தனக்கோடி புரிந்துகொண்டார். தொழில் தெரிந்தவருக்கு இதெல்லாம் சொல்லித் தர வேண்டுமா? தொள்ளாயிரத்துக்கு இறங்கினாலும் சரியாக மூவாயிரம் மீதி நிற்கும் என்று மனக்கணக்கில் பார்த்துக்கொண்டு, நமக்குள்ள இன்னாம்மா, தொள்ளாயிரமாப் போட்டுக்க என்றார். டன்னுக்குத்தானே என்று சூர்யகலா மறுபடியும் கேட்டார். டன்னுக்கேதான், பேச்சு மாற மாட்டேன் என்றார் இவர். லொகேஷன் அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு, சூளைக்கு எனக்கே லொகேஷனா என்று சிரித்தார். சூர்யகலா ரொம்ப நன்றிண்ணே என்று ஜல்தியாகப் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் காலை களம்பூரில், அரிசிக் கிடங்கின் பக்கமாக வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்த தனக்கோடியை மில் குமாஸ்தா கைதட்டி நிறுத்தினார். சூர்யகலா அம்மா லோடு இங்கே இல்லை, மில்லுக்குப் பின்னால் போகச் சொன்னார். மில்லுக்குப் பின்னால் உமி குவிந்து கிடந்தது. கூடையோடு தருமனும் நாலு பேரும் நின்றார்கள். தனக்கோடி இறங்கி, உமியைப் பார்த்து, போனை எடுத்தார்.

"இன்னாம்மா, உமியக் காட்றாங்க?"

"செங்கல் சூளைக்கு அரிசியா ஏத்துவாங்க? திருவள்ளூர் தாண்டி நம்ம சூளை. உமிக்கு எல்லாரும் வண்டி பேசுவாங்க, நீங்க டன் பேசினீங்க. நான்கூட ரெண்டு தபா கேட்டேன், நீங்கதானேண்ணே கொறைச்சீங்க?"

வண்டி பேசுவது என்றால் முழு வண்டிக்கு இவ்வளவு என்று பேசுவது. உமியை எவ்வளவு ஏற்றினாலும் எடையே காட்டாது என்பதால் அதற்கு யாரும் டன் பேசுவதில்லை. இது தருமனுக்குத் தெரியும், குமாஸ்தாவுக்குத் தெரியும், இருபத்திரண்டு வருஷமாகத் தனக்கோடிக்கும் தெரியும். அந்த நிமிஷத்தில்கூட, தெரியாமப் பேசிட்டேம்மா, வண்டி ரேட்டே குடுத்துடு என்று சொல்லியிருந்தால் அந்த அம்மாள் சம்மதித்திருப்பார். ஆனால் தெரியாமல் என்ற சொல் இந்த இனத்தின் வாயில் நுழையாதே! ஏத்துங்கடா என்றார் தனக்கோடி.

வண்டிக்கு மேலே வண்டி உயரத்துக்கு உமி ஏறியது. தார்ப்பாய் போட்டுக் கட்டி எடைமேடையில் நிறுத்தினால் மூன்று டன் எழுநூறு கிலோ. தருமன் சீட்டை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அவர் வேண்டுமென்றே கேட்டாரா, இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில் தானாக வாயில் வந்ததா என்று எனக்குத் தெரியாது.

"அண்ணே, மீதி எங்க போவுது?"

அன்று தருமனுக்கு டீ இல்லை.

வழியெல்லாம் உமி பறந்தது. பின்னால் வந்தவர்கள் எல்லாரும் தனக்கோடியின் வம்சத்தை விசாரித்துக்கொண்டே வந்தார்கள். மூவாயிரத்து முந்நூற்று முப்பது ரூபாய் வாடகை டீசலுக்கே பற்றவில்லை. மறுநாள் காலை ஆபீசுக்கு வந்தபோது அவர் தலையிலும் மீசையிலும் உமி ஒட்டியிருந்தது, கழுத்தைச் சொறிந்தபடி நின்றார். மீதி எவ்வளவு என்று ஆதிநாதன் கேட்கவில்லை. தனக்கோடி தாமாகவே, நம்ம லைன்ல உமிக்கு ரேட்டு சரியில்லீங்க மொதலாளி என்றார். ஆதிநாதன் போனை வாங்கி மேஜைக்குள் வைத்துப் பூட்டினார்.

நாலு நாள் தனக்கோடி கதவுப் பக்கம் போகவில்லை. ஐந்தாம் நாள் மத்தியானம் வானம் இருட்டி மழை பிடித்துக்கொண்டது. ஆதிநாதன் வாசலுக்கு வந்து மழையைப் பார்த்தார், வண்டியின் முன் டயர்களைப் பார்த்தார். பிறகு தனக்கோடியைக் கூப்பிட்டார்.

"போயி ரெண்டு டயரும் மாத்திகினு வா. மழை நம்ம கணக்கப் பாத்துகினா பெய்யுது?"

தனக்கோடிக்குக் கண் கலங்கிவிட்டது. உண்மையாகவே கலங்கிவிட்டது. புது டயரோடு மழை ரோட்டில் வந்து ஆபீஸ் வாசலில் பிரேக்கை மிதித்தார். வண்டி சொன்ன இடத்தில் நின்றது. இறங்கி இரண்டு டயரையும் தொட்டுக் கும்பிட்டார். எனக்கே அவரைக் கேலி செய்தது பாவம் என்று தோன்றியது.

இரண்டு நாள் வெயில் அடித்துக் கதவில் மறுபடியும் தூசி ஏறியது. ஐந்தரைக்கு ஸ்கூட்டர் கிளம்பியது. தனக்கோடி டீயோடு வந்தார், தருமனுக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தார். விரலை நீட்டி முப்பத்தைந்தாயிரம் என்று எழுதி, கீழே கோடு போட்டு, இரண்டு தட்டுத் தட்டினார்.

"வாடகையில கட்டுப்படி ஆவலன்னாரே, இது எங்கேர்ந்து வந்துச்சு? அப்ப மீதி இருந்துகினுதானே இருந்திருக்குது? நான் சொன்னேனா இல்லியா?"

தருமன் டீயைக் குடித்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை ஓட்டலில் உட்கார்ந்து, மாவு இவ்வளவு, எண்ணெய் இவ்வளவு, கேஸ் இவ்வளவு, ஒரு தோசைக்குத் தொண்ணூறு ரூபாயா, மீதியெல்லாம் எங்கே போகிறது என்று மேஜை ஈரத்தில் கோடு கிழித்தாரே ஒருவர், அவர் யார்? பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். போகட்டும், ஓட்டல்காரர் இன்னும் உங்களிடம் சாவியைக் கொடுக்கவில்லை. கொடுத்த அன்று சூளையிலிருந்து யாராவது போன் செய்தால், தயவுசெய்து லொகேஷனை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.