பெர்ட்டா சாப்பிட்டுவிட்டாள்

கெயின்ஸ்,
செவ்வாய்க்கிழமை

அன்புத் தங்கை வெர்னாவுக்கு,

அண்ணன் லின்சே எழுதிக்கொள்வது. இங்கே நானும் மழையும் நலம். ஹோபார்ட் குளிரில் நீயும் மகளும் புதுப் பேத்தியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உன் தவளை பெர்ட்டா உயிரோடு இருக்கிறாள். இனி நிதானமாகப் படி.

நீ விமானம் ஏறியதிலிருந்து அவள் ஒரு பூச்சியைக்கூடத் தொடவில்லை. பச்சையாக இருந்தவள் பழுப்பாகி, கண்ணாடித் தொட்டியின் மூலையில் ஒட்டிக்கொண்டாள். உன் கணவன் கிளைவ் கையில் வளர்ந்த ஜீவன், அவன் இறந்தபின் உனக்குத் துணையாக இருப்பது, என் பொறுப்பில் போய்விட்டால் உன் முகத்தில் எப்படி விழிப்பேன்? ஐஸ்கிரீம் டப்பாவில் ஈரத்துணி விரித்து அவளை உட்காரவைத்து, கார் சாவியைத் தேடி எடுத்து வந்து, மூடியை அழுத்தி மூடிக்கொண்டு, செல்லப்பிராணிக் கடைக்குப் பறந்தேன். கடைக்காரி நொய்லீன் டப்பாவைத் திறந்தாள்.

"என்னண்ணே, துணிக்கா உடம்பு சரியில்ல?"

உள்ளே துணி மட்டும்தான் இருந்தது. வழியில் காருக்குள் குதித்திருப்பாள் என்று வாசலுக்கு ஓடினேன், சீட்டுக்கு அடியில் தலையை விட்டேன், இல்லை, திரும்ப ஓடி வந்த வேகத்தில் என் முழங்கை பட்டு, மேஜைமேல் தவளைத் தீனிக்காக வைத்திருந்த சில்வண்டு டப்பா கவிழ்ந்து, கடை முழுக்க சில்வண்டு! நாய்த்தீனி வாங்க வந்த அம்மாள் அந்த மூட்டைமேலேயே ஏறி நின்று கூச்சல் போட்டாள்.

"அசையாதீங்கண்ணே! நீங்க அசைஞ்சாலே எதாவது விழுது!" என்று நொய்லீன் துடைப்பத்தை ஓங்கினாள்.

அப்போதுதான் நாய்ச்சங்கிலிகளுக்கு நடுவே ஒரு பச்சைத் தலை எட்டிப்பார்த்தது. ஒரே தாவல். ஒரு சில்வண்டு காலி.

"பெர்ட்டா! ஐயோ, என் பெர்ட்டா சாப்பிட்டுட்டா!"

"அதுக்கு ஏண்ணே அழுவுறீங்க? நல்ல பசி போல, இன்னொன்னும் முழுங்குறா பாருங்க. எடம் மாறினா, ஆள் மாறினா, கொஞ்ச நாள் இப்படித்தான். நெறம் மாறுறதும் அதுங்க சுபாவம்."

சில்வண்டு, அதன்மேல் தூவக் கால்சியம் பவுடர், குழாய்த் தண்ணீரில் குளோரினைப் போக்கும் சொட்டுமருந்து, எல்லாம் வாங்கிக்கொண்டு, அவளை மடியிலேயே வைத்துக்கொள்ளாத குறையாக வீட்டுக்குக் கொண்டுவந்து தொட்டியில் விட்டேன். மனசு லேசாகிவிட்டது. நீ கவலையின்றிப் பேத்தியைக் கொஞ்சு. பிள்ளைக்கு என் ஆசிகள், மகளுக்கு என் அன்பு.

உன் அண்ணன்,
லின்சே

பி.கு.: உறையை ஒட்டுவதற்குமுன் டீ போடப் போனேன். பாத்திரம் கழுவும் தொட்டியில், ஸ்பாஞ்சின்மேல், பழுப்பாக பெர்ட்டா! நான் சாவி தேடிய நேரத்திலேயே டப்பாவிலிருந்து குதித்திருக்கிறாள், வீட்டைவிட்டே கிளம்பவில்லை அவள். சந்தோஷத்தில் யோசிக்காமல் அவளையும் கண்ணாடித் தொட்டியில் விட்டு, சில்வண்டுகளைப் போட்டேன். இரண்டும் ஆளுக்கொன்றாக விழுங்கின. அதற்குள் நொய்லீன் போன்: "அண்ணே, எங்க தவளையக் காணோம்ணே!" எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று போனால், பழுப்பும் பச்சையாகிவிட்டது, எது எதுவென்று தெரியவில்லை. "உங்க தங்கச்சியே வந்து பாத்துச் சொல்லட்டும்" என்று நொய்லீன் சிரிக்கிறாள். தொலைந்துவிட்டாள் என்று அழுதவனுக்கு ஒன்று கூடிப்போனது பெரிய கஷ்டமாகத் தெரியவில்லை.